ஒன்பது கிளிப்பும் ஒரு வார லீவும்

அரைநாள் வேலை முடிந்த சனிக்கிழமை மதியம் ஸ்டோர் ரூமில் இருந்தவர்கள் நால்வர். கதவுக்கு முதுகு காட்டி ஸ்டோர் கீப்பர். அவருக்கு இடப்பக்கம், கவிழ்த்த வாளியின் மேல் டிரைவர். ஜன்னலோரம் இருந்த ஒரே நல்ல நாற்காலியில் டெலிபோன் அக்கா. இரும்பு பீரோவை ஒட்டி, சட்டைப்பையில் தயாராக எழுதி மடித்த லீவ் லெட்டரோடு கிளார்க். தேடித் தேடிக் காற்புள்ளி வைப்பவர் என்பதால் ஆபீசில் அவர் பெயர் 'கமா'.

இந்த மாதம் ஒரே ஒருவருக்குத்தான் ஒரு வாரம் லீவு என்று மேலிடம் சொல்லிவிட்டது. யாருக்கென்று போக்கர் ஆடி முடிவு செய்வதாக ஏற்பாடு. ஆளுக்கு ஐம்பது பேப்பர் கிளிப், தீர்ந்தவர் வெளியே. வெளியூரில் அம்மாவோடு இருக்கும் கமாவின் மகள், வியாழக்கிழமை பள்ளி நாடகத்தில் மரமாக நிற்கப் போகிறாள். போன வருஷம் அவள் பாறையாக உட்கார்ந்திருந்ததையும் அவர் பார்க்கவில்லை. "இந்தத் தடவையும் வரலேன்னா போட்டோகூட அனுப்ப மாட்டேன்" என்று மனைவி கறாராகச் சொல்லியிருந்தாள்.

கமா எதையும் முறைப்படி செய்பவர். கையிருப்பு குறைந்தவனுக்குப் பெரிய ஜோடி வந்தால், எல்லோருக்கும் பொதுவான சீட்டுகள் நடுவில் விரியும் முன்பே இருப்பதையெல்லாம் வைத்துவிட வேண்டும் என்று படித்திருந்தார். நல்ல சீட்டுக்குக் காத்துக் காத்து ஒன்பது கிளிப்தான் மிஞ்சியபோது இரண்டு ராஜா வந்தது. ஒன்பதையும் தள்ளினார்.

மூவரும் சீட்டைக் கவிழ்த்தார்கள்.

"ஒரு மணி நேரமா அசையாத மனுஷன் மொத்தத்தையும் வைக்கிறாரு. நான் என்ன பைத்தியமா?" என்றார் டிரைவர்.

ஆட்டத்துக்கு இருவர் என்று முறைவைத்துக் கட்டாயமாக முன்கூட்டி வைக்கும் மூன்று கிளிப்தான் இரண்டு ராஜாக்களுக்கும் கிடைத்த கூலி.

அடுத்த ஆட்டத்திலேயே இரண்டு ஏஸ். அதைவிடப் பெரிய ஜோடி சீட்டுக்கட்டிலேயே கிடையாது. இம்முறை கமாவுக்குப் புத்தி வேலை செய்தது. காதைச் சொறிந்தபடி இரண்டே கிளிப் வைத்தார். டிரைவரும் ஸ்டோர் கீப்பரும் விலகினார்கள். கட்டாய முறை தன்னுடையது என்பதால் அக்கா அதே இரண்டை முன்பே வைத்திருந்தாள்.

நடுவில் விரிந்தவை ஏழு, ராணி, இரண்டு. கமா மிச்சம் பத்தையும் தள்ளினார். அக்கா யோசிக்காமல் ஈடு வைத்துத் தன் சீட்டைத் திருப்பினாள். ஏழும் இரண்டும். நடுவில் இருந்தவற்றோடு சேர்ந்து இரண்டு ஜோடி; ஏஸின் ஒற்றை ஜோடியை அது மிஞ்சியது. பின்னால் வந்த சீட்டுகளும் ஏஸுக்குக் கைகொடுக்கவில்லை.

"இதை வெச்சுக்கிட்டா வந்தீங்க அக்கா?"

"நான் எங்கப்பா வந்தேன்? உள்ளேதானே உட்கார்ந்திருந்தேன். நீ முன்ன மாதிரி மொத்தமா தள்ளியிருந்தா தூக்கிப் போட்டிருப்பேன். சும்மா பார்க்க விட்டே, பார்த்தேன்."

மற்ற இருவரையும் அவள் மூன்று மணிக்குள் முடித்துவிட்டாள். மேலிடத்துக்குத் தபால் போவது நாலு மணிக்கு.

"கமா, லீவ் லெட்டர் உன்ன மாதிரி யாருக்கு எழுத வரும்? எழுதிக் குடுப்பா."

"என்ன காரணம் போடறது?"

"தூங்கணும்."

சட்டைப்பையில் இருந்த கடிதத்தில் பெயரையும் காரணத்தையும் மாற்றினால் போதும். ஆனால் மகள் நிற்கும் தாளில் இன்னொருவரைத் தூங்கவைக்க அவருக்கு மனம் வரவில்லை. புதுத் தாள் எடுத்து, 'உடல்நலம் கருதி, தவிர்க்க இயலாத ஓய்வு' என்று எழுதினார். காற்புள்ளி சரியான இடத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தார். பசை தடவி, உறையை ஒட்டி, டிரைவர் கையில் கொடுத்து அனுப்பினார்.