அக்கா திருத்த வேண்டிய கதை

1

இந்தக் கதை ஓர் ஒலிபெருக்கியிலிருந்து பிறந்தது. காது கேளாதவர்களுக்கு என்னென்ன உதவிகள் உண்டு என்று ஒரு வண்டி எங்கள் தெருவில் முழங்கிக்கொண்டே போனது. இலவசக் காதுக்கருவி, மாத உதவித்தொகை, பேருந்தில் பாதிக் கட்டணம். தெருவில் எல்லாருக்கும் நன்றாகவே கேட்டது. என் அக்கா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வண்டியைப் பார்த்துவிட்டு, "என்னடா, எலெக்‌ஷன் வந்துடுச்சா?" என்றாள்.

2

அக்காவிடம் நேரில் சொல்லிப் பார்க்காமல் இல்லை.

"எனக்கு நல்லாத்தான் கேக்குது. நீங்கல்லாம்தான் வாய்க்குள்ளயே பேசுறீங்க."

"ஒரு டெஸ்ட் எடுத்துப் பாக்கலாம்க்கா."

"இல்லாதவங்களுக்குக் குடுக்கறத நான் போய்ப் பிடுங்கணுமா?"*

அத்தான் நடுவில் புகுந்தார். "விடு மச்சான், நான் கத்திப் பேசியே பழகிட்டேன்." அவர் கத்தியதும் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உதடு தெரியாவிட்டால் யார் பேச்சும் அவளுக்கு எட்டாது. விவாதத்தில் அவளை யாரும் வென்றதில்லை.

ஆனால் அவள் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவள். அச்சில் வந்த எதையும், மாத்திரை அட்டையின் பின்பக்கம் உட்பட, எழுத்து எழுத்தாகப் படித்தே தீர்வாள். என் கதை வரப்போகும் இந்தத் தொகுப்பும் அவள் மேசைக்குத்தான் போகிறது. ஆகவேதான் கதை.

(* பிடுங்குவது இல்லை அக்கா. உன்னைப் போன்றவர்களுக்கென்றே ஒதுக்கியது. நீ வாங்காவிட்டால் ஏதோ ஓர் அலுவலக அலமாரியில் தூங்கும்.)

3

தொடக்கங்கள்:

"தையற்காரர் ஒருவருக்குக் காது கொஞ்சம் மந்தம். அவர் சிவப்புப் பேனாவைக் கடித்தபடி…" (தையற்காரருக்கு எதற்குச் சிவப்புப் பேனா? இரண்டாம் வரியிலேயே மாட்டிக்கொள்வேன்.)

"மௌனத்தின் பேராழியில் தத்தளிக்கும் ஓர் உள்ளத்தின்…" (இதை எழுதியவனை நானே அடிப்பேன்.)

சரி, மூடி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. நடந்ததையே எழுதுகிறேன்.

அச்சகத்தின் பின்வாசலில், காகிதம் இறக்க வந்த வண்டி பின்னால் நகர்ந்தது. அக்கா அதற்கு முதுகைக் காட்டியபடி காகிதக் கட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓட்டுநர் விடாமல் ஹாரன் அடித்தார். அவள் நகரவில்லை. நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன்.

"ஏன்டா இப்படி இழுக்கிற? கை வலிக்குது" என்றாள்.

4

முதல் மெய்ப்பு திரும்பி வந்தது. 'பேராழி'யைச் சுற்றி ஒரு பெரிய வட்டம். நான் விட்ட ஒற்றுகள் எல்லாம் சேர்ந்திருந்தன. தன்னைப் பற்றிய கதை என்பது குறித்து ஒரு வார்த்தை இல்லை. வண்டி வரும் பத்திக்குப் பக்கத்தில் மட்டும், ஓரத்தில், சின்ன எழுத்தில்:

"தகவல் பிழை. ஹாரன் அடிக்கவில்லை. அடித்திருந்தால் நகர்ந்திருப்பேனே."

இத்தனை காலமும் அவள் பிடிவாதம் பிடிக்கிறாள் என்றே நினைத்திருந்தேன். பிடிவாதமே இல்லை. அவளுக்குத் தெரியவே தெரியாது.

அக்கா, அடித்தார். எதிர்க்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். திருத்துநர் சொன்ன பிழையை முதல்முறையாக ஏற்க மறுக்கிறேன். அந்த வரி அப்படியே இருக்கும். எனக்குப் பயமாக இருக்கிறது.

5

முடிவுகள்:

அ. கருவியை மாட்டியதும் குருவிச் சத்தம் கேட்டு அக்கா கண் கலங்குகிறாள். (நம்ப முடியவில்லை. முதலில் கேட்கப்போவது அத்தானின் குறட்டை. கருவியைக் கழற்றி வைத்தாலும் வைப்பாள்.)

ஆ. அக்கா போகவில்லை. அடுத்த முறை வண்டி பின்னால் வரும்போது நான் அங்கே

(இதை முடிக்க மாட்டேன்.)

இ. சனிக்கிழமை காலை பெரிய மருத்துவமனையில் காது பரிசோதனை. கருவிக்கும் உதவித்தொகைக்கும் வேண்டிய சான்றிதழும் அங்கேயே தருகிறார்கள். உன் வீட்டு வாசலில் நிற்பேன் அக்கா. கதவைத் தட்ட மாட்டேன், தட்டிப் பயன் இல்லை. நீயாகத்தான் திறக்க வேண்டும்.

வாசகர்களே, இரண்டாம் மெய்ப்பு இன்று மாலை அவள் மேசைக்குப் போகிறது. 'இ' உங்கள் கையில் அச்சாகி இருந்தால், அக்கா அதை வெட்டவில்லை என்று பொருள். கதவைத் திறந்தாளா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் இதை எழுதுவது வெள்ளிக்கிழமை.