பாப்பாவுக்கு ஒரு டிராக்

சித்தப்பாவின் வாயிலிருந்து ஒரே ஒரு வாக்கியம் வர வேண்டும். அதற்காகப் பதினேழு வருடம் காத்திருந்தேன். மன்னிப்பெல்லாம் வேண்டாம்; அதை வாங்கி வைத்து நான் என்ன செய்யப் போகிறேன்?

அப்பா செத்த பிறகு அம்மாவும் நானும் போய் நின்றது அவருடைய தம்பி வீட்டில். கீழே ஒலிப்பதிவுக் கூடம், மேலே குடித்தனம். மாடிப்படிக்கு அடியில், பழைய ஸ்பீக்கர்களுக்கும் கேபிள் சுருள்களுக்கும் நடுவே எங்களுக்கு இடம். அம்மா கூடத்தைப் பெருக்கித் துடைத்தாள், மேலே போய்ச் சமைத்தாள். "எங்க அண்ணிய நான் வேலைக்காரி மாதிரியா நடத்துறேன்?" என்று வருகிறவர்களிடம் சித்தப்பா பெருமையாகக் கேட்பார். வேலைக்காரிக்காவது ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டு.

அவருக்கு ஒரே மகள். என் வயதுதான். பாப்பா என்று கூப்பிடுவார்கள். இருபத்தேழு வயதிலும் பாப்பாதான். சின்ன வயதில் விளம்பரங்களுக்குப் பாடிக்கொண்டிருந்தாள். குரல் இனிமையான குரல், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தானாக ஒரு வரியைப் பிடிக்கத் தெரியாது. அதனால் முதலில் என்னை நிறுத்திப் பாட்டு முழுவதையும் பாட வைப்பார்கள். அதற்கு டிராக் என்று பெயர். அதைப் பாப்பாவின் ஹெட்போனில் ஓட விடுவார்கள். அவள் கேட்டதை அச்சு அசலாகத் திருப்பிப் பாடுவாள். பிறகு என் குரலை அழித்துவிடுவார்கள்.

ஒருமுறை எனக்குச் சளி. மூன்றாவது வரியில் மூக்கை உறிஞ்சிவிட்டேன். பாப்பாவும் அதே இடத்தில், அதே நீளத்துக்கு உறிஞ்சினாள். அது சோப்பு விளம்பரம். கம்பெனிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் போனதும் அறை எனக்கு விழுந்தது.

பத்து வயதில் என்னை இசைப் பள்ளியில் சேர்க்க அம்மா அலையாய் அலைந்தாள். பாடிய அனுபவம் உண்டென்று யாராவது சொன்னால் போதும் என்றார்கள். அம்மா அந்தப் பள்ளி டீச்சரையே கூடத்துக்கு அழைத்து வந்துவிட்டாள்.

"தம்பி, பாப்பாவுக்கு இவதான் பாடிக் குடுக்குறான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அது போதும்."

"யாரு, இவளா?" சித்தப்பா டீச்சரைப் பார்த்துச் சிரித்தார். "இவ துடைப்பம் எடுத்துக் குடுப்பா டீச்சர். பாட்டெல்லாம் எங்க!"

அம்மா கையில் ஈரத் துணியோடு நின்றாள். அந்த வாரமே எங்கள் பெட்டியைத் தெருவில் வைத்துவிட்டார்கள். அந்த வார்த்தையை இந்த ஆள் வாயாலேயே சொல்ல வைப்பேன் என்று அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்து முடிவு செய்தேன்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் இடத்தில் அம்மாவோடு நானும் துணி மடித்தேன். இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேல் கேட்க வேண்டும் என்று கத்திப் பாடிப் பாடியே குரல் வலுத்தது. கோரஸில் கடைசி வரிசை, பிறகு முன்வரிசை, பிறகு தனி மைக். பேட்டி எடுக்கிறவர்கள் இதைத் 'தன்னம்பிக்கை' என்று எழுதுகிறார்கள். கோபம் என்று எழுதுங்கள் என்றால் சிரித்து மழுப்புகிறார்கள்.

போன மாதம் ஒரு படத்துக்கு இரண்டு பெண்கள் பாடும் பாட்டு வந்தது. ஒருத்தி நான், இன்னொருத்தி பாப்பா. நாற்பது வாத்தியக்காரர்களோடு ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில் பதிவு. இசையமைப்பாளர் பழைய மாதிரி ஆள். டிராக் எல்லாம் கொடுக்க மாட்டார், சுரக் குறிப்பு எழுதிய தாள்தான் கொடுப்பார். பாப்பாவுக்கு அதைப் படிக்கத் தெரியாது. தாளைப் பார்த்தே பாடிவிடுவாள் என்று ஊரெல்லாம் அளந்துவிட்டவர் சித்தப்பா. அவரே போன் செய்தார்.

"பழசெல்லாம் மனசுல வச்சுக்காதம்மா. பாப்பா பாடுற பகுதியையும் நீயே பாடி அனுப்பிடு. இத்தனை வருஷமா யார் யாரோ பாடிக் குடுத்தாலும் அவளுக்கு உன் குரல்தான் பழக்கம். வெளிய தெரிய வேணாம், என்ன?"

வெட்கம் என்பது கொஞ்சமாவது இருக்க வேண்டாமா ஒரு மனிதனுக்கு?

"அதுக்கென்ன சித்தப்பா, இன்னைக்கே அனுப்புறேன்" என்றேன், தேன் ஒழுக.

அனுப்பினேன். இரண்டாவது சரணத்தில் ஒரே ஒரு சுரத்தை மட்டும் அரை சுரம் இறக்கி, குழைத்து, தப்பு என்றே தோன்றாதபடி பாடி அனுப்பினேன். தாளைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஒரே பார்வையில் கண்டுபிடித்திருப்பார்கள்.

பதிவு நாளில் அம்மாவையும் அழைத்துப் போய்க் கதவோரம் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். சித்தப்பா உள்ளே வந்ததும் அம்மா விருட்டென்று எழுந்துவிட்டாள். பழக்கதோஷம். தோளை அழுத்தி உட்கார வைத்தேன்.

முதல் முறை பாப்பா அந்த இடத்தில் தப்பாகப் பாடினாள். இசையமைப்பாளர் நிறுத்தினார். இரண்டாவது முறையும் அதே தப்பு, அதே குழைவு. வயலின்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தாளைப் பாத்துப் பாடுங்கம்மா."

பாப்பா தாளைப் பார்த்தாள். மருந்துச் சீட்டைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள். மூன்றாவது முறையும் நான் கொடுத்ததை அப்படியே பாடினாள்.

"காதுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா உங்களுக்கு?" என்று இசையமைப்பாளர் கத்தினார். "எழுதி வச்சதைப் பாடத் தெரியாதவங்களுக்கு இங்க என்ன வேலை?"

கண்ணாடி அறையிலிருந்து சித்தப்பா பாய்ந்து வந்தார்.

"எம் பொண்ணைச் சொல்லாதீங்க! அவமேல தப்பே இல்ல! இவ பாடிக் குடுத்ததைத்தான் அவ பாடுறா!" என் முகத்துக்கு நேரே விரலை நீட்டினார். "சின்ன வயசுலயும் இவ பாடிக் குடுத்துதான் அவ பாடினா! ஒரு நாள் தப்பினதில்ல!"

என்ன சொன்னோம் என்பது அதற்குப் பிறகுதான் அவருக்கே உறைத்தது.

நான் ஒலிப்பதிவாளரைப் பார்த்தேன். "மைக் ஓடுதா அண்ணா?"

"ஓடுதும்மா. எல்லாம் பதிவாயிருக்கு."

இசையமைப்பாளர் என்னிடம் திரும்பினார். "வேணும்னே தப்பாக் குடுத்தியா?"

"ஆமா சார்."

"நாப்பது பேரோட பொழப்பு, உனக்கு விளையாட்டா? நீயும் வேணாம், கிளம்பு."

போகட்டும். இதைவிடப் பெரிய பாட்டு எனக்கு வரலாம், வராமலும் போகலாம். நான் கேட்க வந்ததைக் கேட்டுவிட்டேன். ஹெட்போனைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினேன்.

பாப்பா என் கையைப் பிடித்தாள். கண்ணெல்லாம் நீர். "சரியானது எப்படின்னு ஒரே ஒரு தடவை பாடிக் காட்டிட்டுப் போயேன்."

ஒரு நிமிடம் அந்தச் சுரம் தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"தாள் முன்னாடியே இருக்கு பாப்பா. படி."

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு கதவுப் பக்கம் நடந்தார். அம்மா முன்னால் வந்ததும் நின்றார். "அண்ணி, நீங்களாவது..." என்று இழுத்தார்.

அம்மா எழுந்திருக்கவில்லை.

"கதவைச் சாத்திட்டுப் போங்க, தம்பி" என்றாள்.