எட்டாவது குழாயில் தொங்கிய சைக்கிள் ட்யூப்

1

இந்தக் கதை 'உஸ்' என்ற ஒரு சத்தத்திலிருந்து பிறந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் அது பொய். ஒரு சைக்கிள் ட்யூபிலிருந்துதான் பிறந்தது.

மில்வாக்கியின் தெற்குப் பக்கத்தில், வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறவர்களின் சங்கம் ஒன்று. அவர்களிடம் ஒரு டிரெய்லர், அதன் விலாவில் எட்டுக் குழாய்கள், ஆளுக்கு ஒன்று. ஜூலை மாதப் பூங்கா விருந்தில் யாருடைய பியர் கேஸ் இல்லாமல் சப்பென்று வடிகிறதோ, அவர் குழாயில் காற்றுப்போன சைக்கிள் ட்யூபை மாட்டிவிடுவார்கள். அடுத்த ஜூலை வரை அது தொங்கும். மறு வருடமும் சப்பென்று வடிந்தால் குழாய் கையைவிட்டுப் போய்விடும். காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவருக்கு அது சேரும்.

ட்யூப் எட்டாவது குழாயில் தொங்கியது. யாருடையது என்று கேட்டேன். மூன்று பேர் ஒரே நேரத்தில் சிரித்துக்கொண்டே ராக்ஸானுடையது என்றார்கள்.

2

முதல் தொடக்கம்: "ராக்ஸான் ஜெலின்ஸ்கி தோல்விக்குப் பழகாதவள். அவளுடைய பீப்பாயோ, காலத்தின் மூச்சை அடக்கிவைத்த ஒரு வெள்ளி—"

(நிறுத்திவிட்டேன். அது எவர்சில்வர் பீப்பாய். ஒரு காலத்தில் சோடா நிரப்பிய பழைய சாமான். காலத்தின் மூச்சு எதையும் அது அடக்கவில்லை. அடக்கவேண்டிய கேஸையே அடக்கவில்லை என்பதுதான் பிரச்சினை.)

இரண்டாவது தொடக்கம்: "சரியான கருவியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று பலரும்—"

(கட்டுரை. வேண்டாம்.)

மூன்றாவது: வியாழன் மாலை, கோடை முகாமுக்குப் போன பிள்ளைகளை வீடுகளில் இறக்கிவிட்டு, தான் ஓட்டும் பேருந்தை நிறுத்திவிட்டு வந்த ராக்ஸான், கராஜில் காலிப் பீப்பாயின் முன் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். விருந்து சனிக்கிழமை.

இது நிற்கும் போலிருக்கிறது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

பீப்பாயின் தலையில் ஒரு மூடி, இரண்டு வாய்கள். ஒரு வாய் வழியாகக் கேஸ் உள்ளே போகும், மற்றதன் வழியாக பியர் வெளியே வரும். பார்ப்பதற்கு இரட்டைப் பிள்ளைகள். கேஸ் வாயின் விளிம்பில் மட்டும் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். இந்த வாய்களைக் கழற்றத்தான் கருவி வேண்டும்.

தம்பி டுவேன், நட்டின் தலையில் மாட்டித் திருகும் சாக்கெட்டுகள் நிறைந்த தன் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். டிரெய்லரில் ஏழாவது குழாய் அவனுடையது.

"ராக்ஸி, இதுல இருநூத்திப் பதினாலு சாமான் இருக்கு. இதுல இல்லாததா உனக்கு வேணும்?"

"ஒண்ணுகூட உக்காராது. எண்ணிப் பாரு, இந்த வாய்க்குப் பன்னெண்டு முனை. உன் சாக்கெட்டுக்கெல்லாம் ஆறு."

"அதுக்குத்தானே ஸ்க்ரூ ஸ்பேனர். எதுலயும் உக்காரும்."

"எதுலயும் உக்காரும், எதுலயும் நிக்காது. போன வருஷம் என் பீப்பாய மென்னு துப்புனது அதுதான்."

"வருஷம் பூரா ஊரெல்லாம் சொல்லிட்டே. இன்னும் யாரு பாக்கி? உன் பஸ் புள்ளைங்களா?"

"அதுங்களுக்கும் சொல்லியாச்சு."

டுவேன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.*

* முந்தைய வடிவத்தில் இவன் மனம் மாறித் திரும்பி வந்து சரியான சாக்கெட்டை நீட்டுவான். அடித்துவிட்டேன். அவள் ஏற்கெனவே ஒன்று வாங்கியிருந்தாள். உபரியாகக் கிடந்த ஒரு வாயைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கார் உதிரிபாகக் கடைக்குப் போய், ஒவ்வொரு சாக்கெட்டிலும் அதைப் பொருத்திப் பார்த்தாள். "எந்த வண்டிக்கு?" என்று கேட்டார் கடைக்காரர். "வண்டிக்கில்ல, பியர் பீப்பாய்க்கு. இத ஓட்டுனா லைசென்ஸ் போயிடும்" என்றாள். ஏழாவதாகப் பொருத்தியது, ஆழமான, பன்னிரண்டு முனைச் சாக்கெட், 'கிளிக்' என்று உட்கார்ந்தது.

4

துண்டை விரித்து வரிசையாக வைத்தாள்: சாக்கெட், அதைத் திருகும் கைப்பிடி, பழைய பல் பிரஷ், வளையத்தை நெம்ப ஒரு மொட்டைக் குச்சி, கேஸ் ஒழுகாமல் அடைக்கும் புது ரப்பர் வளையங்கள், உணவுச் சாமான்களுக்கென்றே விற்கும் கிரீஸ், சோப்புத் தண்ணீர்ப் பாட்டில். இருநூற்றுப் பதினான்கு இல்லை. ஏழு.

கழற்றுவதற்கு முன் கேஸ் ஏற்றி, எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க நினைத்தாள்.

இங்கேதான் கதை என் கையை மீறியது. டுவேனின் ஸ்பேனர் கடித்த இடத்தில்தான் ஓட்டை என்று முடிவு செய்துவிட்டே எழுத உட்கார்ந்திருந்தேன். ராக்ஸானும் அப்படித்தான் நம்பினாள். அந்த இடத்தில் சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சினாள். குமிழ் வரவில்லை. இன்னொரு முறை பீய்ச்சினாள். கீறல்தான் இருந்தது, காற்று வரவில்லை.

மூடியைச் சுற்றிப் பீய்ச்சினாள். நுரை பொங்கியது.

கேஸை முழுக்க வெளியேற்றிவிட்டு மூடியைத் திறந்தாள். உள்ளிருந்த பெரிய வளையம் டீயில் ஊறிய பிஸ்கட்டைப் போல உப்பிக் கிடந்தது. முகர்ந்து பார்த்தாள். குளியலறை வாசனை.

போன ஜூலையில் கிரீஸ் தீர்ந்துபோன அவசரத்தில், குளியலறை அலமாரியிலிருந்த பெட்ரோலியம் ஜெல்லியை எடுத்துத் தடவியது அவளேதான். அது இந்த ரப்பரை உப்பவைக்கும். பியரில் கலந்தால் நுரையையும் கொன்றுவிடும். சங்கத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதை அவளே சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

("ராக்ஸான் வெட்கத்தில்—" இல்லை. வெட்கப்படுவதைச் சனிக்கிழமைக்குத் தள்ளிவைத்தாள். வேலை கிடந்தது.)

5

கேஸ் வாயின் பாகங்கள் ஒரு கோப்பையில், பியர் வாயின் பாகங்கள் இன்னொரு கோப்பையில். பல் பிரஷ்ஷால் தேய்த்தாள். எல்லா வளையங்களையும் மாற்றினாள். விரல்நுனி அளவு கிரீஸ். சாக்கெட்டால் இறுக்கினாள், ஆனால் அளவுக்கு மீறி முறுக்கவில்லை. கேஸ் ஏற்றி, சிலிண்டரை மூடி, அழுத்தமானியில் முள் நின்ற இடத்தில் பேனாவால் கோடு போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை, காபிகூடக் குடிக்காமல் கராஜுக்குப் போனாள். முள் கோட்டின் மேலேயே நின்றது.

இந்தப் பத்திக்கு ஓர் உவமை தேடினேன். ஒன்றும் வேண்டாம். முள் நின்றது.

6

வெள்ளிக்கிழமையே பியரை நிரப்பிக் குளிரவைத்துக் கேஸ் ஏற்றியாயிற்று. சனிக்கிழமை நண்பகல். ஏரிக் காற்று, சுட்ட தொத்திறைச்சியின் புகை, நூறு பேர். சங்கச் செயலாளர் லெஸ்டர் எட்டாவது குழாயருகே கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

"ராக்ஸி, பட்டியல்ல முதல் ஆளு தம்ளரோட வந்து நிக்கிறாரு."

"வரட்டும். ஊத்திக் கொடுக்கிறேன்."

கைப்பிடியை இழுத்தாள். கரும்பழுப்பு பியர் உறுதியாக இறங்கியது. அதன்மேல் நுரை எழுந்தது. இரண்டு விரல் உயரம். லெஸ்டர் அதன்மேல் ஒரு காசை வைத்தார். காசு மூழ்கவில்லை. கூட்டம் போட்ட கூச்சலில் பக்கத்து மேசையில் ஒரு நாய் குரைக்க ஆரம்பித்தது.

லெஸ்டர் ட்யூபைக் கழற்றி, மாலை போடுவதுபோல அவள் கழுத்தில் போட்டார். வழக்கம் அது. விடுபட்டவர்தான் அடுத்த ஆளுக்கு மாட்டவேண்டும்.

அப்போது ஏழாவது குழாய்ப் பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது. உஸ்.

டுவேன் மெல்ல நெருங்கி வந்தான். "ராக்ஸி, அந்தப் பன்னெண்டு முனை கார்ல இருக்கா?"

"எங்க ஒழுகுது?"

"மூடிகிட்ட. போன மாசந்தான் எல்லா வளையத்துக்கும் நல்லா தடவினேன்."

"என்னத்தத் தடவின?"

"நீ போன வருஷம் போட்டியே, அந்தப் பாத்ரூம் ஜெல்லி. நீ போட்டா சரியாத்தான் இருக்கும்னு பாத்து வெச்சிருந்தேன்."

7

மூன்று முடிவுகள் எழுதினேன். முதலாவதில் அவள் ட்யூபை ஏழாவது குழாயில் மாட்டுகிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள், அவள் கொஞ்சம் தாமதமாகச் சிரிக்கிறாள். இரண்டாவதில் காரிலிருக்கும் உபரி வளையங்களைக் கொண்டுவந்து ஓசையில்லாமல் மாற்றிக்கொடுக்கிறாள். ஸ்பேனர் கதை ஸ்பேனர் கதையாகவே இருந்துவிடுகிறது. மூன்றாவதில் நூறு பேர் முன்னால், "மென்னு துப்புனது ஸ்பேனர் இல்ல, நான்தான்" என்று—

(வாக்கியத்தை நான் முடிக்கவில்லை.)

எட்டாவது குழாய் அவளுடையது. அதை இனி யாரும் பறிக்க முடியாது. அவள் கழுத்தில் ட்யூப், பையில் சாக்கெட், எதிரில் தம்பி. வளையத்தை முகர்ந்தவள் அவள் ஒருத்தி; அது தெரிந்தவர்கள் நீங்களும் நானும்தான். லெஸ்டர் இந்தப் பக்கம் திரும்புகிறார்.

அந்த பியரை நான் இன்னும் குடித்துப் பார்க்கவில்லை. வரிசை நீளமாகிக்கொண்டே போகிறது. நான் போய் நிற்கிறேன். அவள் வாயைத் திறக்கிறாள், என்ன சொல்கிறாள் என்று நீங்கள் கேளுங்கள்.