வேலியோரக் குழி

நடக்க முடியாதவர்கள் தங்கியிருக்கிற இல்லத்துக்கு ஒரு வேன் வாங்க வேண்டும். அதற்காகத்தான் அத்தனை கூத்தும். விடிந்ததில் இருந்து பொழுது சாய்கிற வரை விடாமல் கோல்ஃப் ஆடுவது, ஆடி முடிக்கிற ஒவ்வொரு குழிக்கும் இவ்வளவு என்று ஊர்க்காரர்கள் பணம் தருவது என்று பேச்சு. ஜவுளிக்கடை முதலாளி மட்டும் ஒரு படி மேலே போய், ஆடுகிறவரும் அவருடைய மட்டைப் பையைத் தூக்குகிறவரும் காலையில் கிளம்பிய அதே ஜோடியாகக் கடைசி வரை நின்றால், அந்த ஜோடி சேர்த்ததை இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்று மேடையில் சொல்லிவிட்டார். எல்லாரும் கை தட்டினார்கள். பல் டாக்டரம்மாவுக்குப் பை தூக்க ஒத்துக்கொண்ட நெட்டையனும் தட்டினான்.

தட்டின கை ஆறுவதற்குள் அவன் மகளுக்கு வேலை வந்துவிட்டது. வெல்டிங் படித்தவள். எங்கேயோ கப்பல் கட்டுகிற இடம், ரயிலில் போகவே இரண்டு நாள். ரயிலும் ஆட்டம் நடக்கிற அதே நாள் சாயங்காலம்.

"நெருப்போட மல்லுக்கட்டவா உன்னப் பெத்தேன்? போறதுன்னா போ. என்கிட்ட சொல்லிட்டுப் போகணும்னு ஒண்ணும் இல்ல" என்று சொல்லித் தொலைத்தான். அவளும் அவன் மகள்தானே. அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. ஆட்டத்தன்று காலையில் அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது கதவருகே நின்று ஒரு தடவை செருமிப் பார்த்தான். அவள் புரண்டு படுத்தாள். வந்துவிட்டான்.

மத்தியானத்துக்கு மேல் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மனைவி.

"என்னங்க, அவ கிளம்பிட்டா."

"எங்க?"

"சினிமாவுக்கு. கேக்குறாரு பாரு கேள்வி."

"நான் எப்படி வர்றது? பாதியில விட்டா வேன்ல பாதி போயிடும்."

"உங்கள யாரு வரச் சொன்னா? ஸ்டேஷன் பஸ் உங்க மைதானத்து வேலியோரமாத்தான போகுது. அங்க இறங்கி ரெண்டு நிமிஷம் நிக்கச் சொல்லவா?"

"அவ இஷ்டம்."

"நான் உங்க இஷ்டத்தக் கேட்டேன்."

நெட்டையன் வேலி இருக்கிற பக்கம் எட்டிப் பார்த்தான். "சொல்லு" என்று வைத்துவிட்டான்.

வைத்த பிறகுதான் கணக்குப் போட்டான். ரோட்டை ஒட்டி ஓடுவது ஒரே ஒரு குழிக்கான பாதைதான். அதற்கு முன்னால் இன்னும் மூன்று குழி கிடக்கிறது. முன்னால் போகிற நகைக்கடைக்காரரோ புதருக்குள் பந்தைத் தேடுகிறேன் பேர்வழி என்று கதை பேசிக்கொண்டிருந்தார். நெட்டையன் பையோடு புதருக்குள் பாய்ந்து பந்தை எடுத்து அவர் கையில் திணித்தான். டாக்டரம்மா கேட்பதற்கு முன்னால் மட்டையை நீட்டினான். அவர் குனிந்து பந்தையும் குழியையும் மாறி மாறிப் பார்த்தபோது இவன் ஒரு காலில் இருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டே நின்றான்.

"என்ன நெட்டையண்ணே, பின்னாடி நாய் துரத்துதா? எனக்குக் கால்ல கொப்புளம் எல்லாம் உடைஞ்சு போச்சு."

"பொழுது போயிடும்மா."

"போகட்டும், அதுவரைக்கும்தான நாம நடக்கணும்?" என்றவர் அவன் முகத்தைப் பார்த்தார். "போன்ல யாரு?"

மென்று விழுங்கிச் சொன்னான்.

"அட மனுஷா! காலையிலேயே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா என்னம்மா பண்ணுவீங்க? வேற ஆளப் போட்டா ஜோடி போச்சு."

டாக்டரம்மா நொண்டிக்கொண்டே அவனுக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தார்.

வேலியோரக் குழிக்கு வந்தபோது கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆளும் இல்லை. ஒரு பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு நிற்காமல் போனது. போயிட்டா, என்று நினைத்தான். டாக்டரம்மா ஓங்கி அடித்தார். அன்றைக்கு அடித்ததிலேயே அதுதான் நல்ல அடி. பந்து நட்ட நடுவில் போய் விழுந்தது. பந்து போகிற பக்கம்தானே பை போக வேண்டும்? நடந்தான்.

"அப்பா!"

முன் நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டாள் போல. பெட்டியை இழுத்துக்கொண்டு வேலியை ஒட்டி ஓடி வந்தாள். இவன் பையோடு நடுப் புல்லில் மரமாய் நின்றான். டாக்டரம்மா அங்கேயும் இங்கேயும் ஒரு பார்வை பார்த்தார். ஒரு மட்டையை அவரே உருவினார், உடம்பைத் திருப்பிக்கொண்டு ஒரு தட்டு தட்டினார். பந்து குறுக்கே ஓடி வேலியடியில் போய் நின்றது.

"ஐயோ, கை வழுக்கிடுச்சு" என்றார். "வாங்க, போவோம்."

அதற்கப்புறம் பந்து வேலியோரமாகவே போனது. ஒரு முழம் தட்டுவார், நிற்பார். பின்னால் வந்த ஜோடி, "என்ன, உருட்டி விளையாடுறீங்களா?" என்று கத்தியது.

"என் குழி, என் இஷ்டம்!" என்று திருப்பிக் கத்தினார்.

அப்பாவும் மகளும் கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடந்தார்கள்.

"என்னப்பா, ஒரு தோள் இறங்கியே போச்சு."

"பெட்டிச் சக்கரம் ஓடுதா?"

"ஓடுது."

"கண்ணுக்கு மாட்டுறது இருக்கா?"

"மூஞ்சியவே மூடுற மாதிரி அங்கயே குடுப்பாங்கப்பா."

"குடுக்கலன்னா?"

"குடுக்கலன்னா திரும்பி வந்துடறேன். போதுமா?"

"வராத." சட்டென்று வந்துவிட்டது. அவள் நின்றுவிட்டாள். அவனும் நின்றான். "கேட்டு வாங்கு. சண்ட போட்டு வாங்கு. வீட்ல போடுறதுல பாதி போட்டாலே அவங்க பயந்துடுவாங்க."

அவள் சிரித்தாள். சிரித்தபடியே புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

வேலி திரும்புகிற மூலையில் அடுத்த பஸ் வந்து நின்றது. பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டுப் படியில் நின்றாள்.

"ரயில் ஏறினதும் போன் பண்ணு."

"அம்மாவுக்கா?"

"எனக்கு."

பஸ் போய்விட்டது. புழுதி அடங்கும்வரை கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தான்.

"அண்ணே, மட்டை" என்றார் டாக்டரம்மா.

கைக்கு அகப்பட்டதை உருவிக் கொடுத்தான். அது அந்த அடிக்கு ஆகாத மட்டை. டாக்டரம்மா அதைப் பார்த்தார், அதாலேயே அடித்தார்.