மற்றவர்களிடம் இல்லாத சொல்

“ஆக்சுவலி, இன்னைக்கு வர்றதுக்குக் கொஞ்சம் நேரமாகுங்க” என்று மனைவி போனில் சொன்னபோது, கண்ணாடிக் கடைப் பட்டறையில் அவன் கையிலிருந்த மூக்குக்கண்ணாடி லென்ஸைக் கூடுதலாகத் தேய்த்துவிட்டான். பிரேமில் வைத்தால் ஓரத்தில் இடைவெளி தெரிந்தது. பாழ்.

அவள் பிசியோதெரபி கிளினிக்கில் வரவேற்பு வேலைக்குப் போகும்வரை அந்தச் சொல் வீட்டில் இருந்ததில்லை. இப்போது மறுக்கவும் அது, ஒப்புக்கொள்ளவும் அது, சொல்ல ஒன்றுமில்லாதபோது மூச்சு வாங்கவும் அதுவே. “ஆக்சுவலி எனக்குப் பசிக்கல.” “ஆக்சுவலி இந்தச் சட்டை உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு.” வெறுமனே நன்றாயிருக்கிறது என்றிருந்தால் அவன் அதைக் கழற்றியிருக்க மாட்டான்.

கல்யாணமான புதிதில் அவனுடைய ‘பார்ப்போம் பார்ப்போம்’ இப்படித்தான் அவள் வாயில் ஏறிக்கொண்டது. ஒரு சொல் தொற்றிக்கொள்ள எவ்வளவு பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். இது யார் வாயிலிருந்து வந்தது?

“என்ன மாப்ளே, லென்ஸைத் தேய்க்கிறியா, பல்லைக் கடிக்கிறியா? ரெண்டும் ஒரே சத்தமா இருக்கு” என்றான் பக்கத்து மேசைக்காரன்.

தோள்வலி என்று சொல்லிவிட்டு நேராகக் கிளினிக்குக்குப் போனான். அவனைக் கண்டதும் அவள் எழுந்தேவிட்டாள்.

“ஆக்சுவலி... காலைலயே சொல்லியிருக்கலாம்லங்க?”

காத்திருந்த நேரமெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தரை துடைத்த அம்மா பேசினாள், முழங்கால் வலிக்காரர்கள் பேசினார்கள், இளவயது தெரபிஸ்ட் எல்லோரையும்விட அதிகம் பேசினான். அந்தச் சொல் யாரிடமும் இல்லை.

உள்ளே கட்டிலில் குப்புறப் படுக்கச் சொன்னான் தெரபிஸ்ட். முகம் வைக்கும் ஓட்டை வழியாகத் தரை மட்டும் தெரிந்தது.

“அக்கா, வெள்ளிக்கிழமை சாயந்திரம் நீங்க இருந்து பூட்டிடுங்களேன்” என்று தலைக்கு மேலிருந்து தெரபிஸ்ட் குரல் கொடுத்தான்.

அக்கா என்றதில் அவன் நெஞ்சு ஒரு கணம் லேசானது. அதற்குள் மனைவியின் குரல் கேட்டது.

“முடியாது. நேத்தே சொன்னேன்ல?”

“அக்கா, ப்ளீஸ்க்கா.”

“போடா. வேற ஆளைப் பாரு.”

இருவரும் சிரித்தார்கள். முன்னால் ஒரு ‘ஆக்சுவலி’யை மெத்தையாகப் போடாமல், சுற்றி வளைக்காமல், ஒரு ‘முடியாது’. தன்னிடம் அப்படி ஒன்றைக் கடைசியாக எப்போது சொன்னாள் என்று யோசித்துப் பார்த்தான். கிடைக்கவில்லை. அந்தப் பையன் மேல் அப்போதுதான் அவனுக்கு நிஜமாகவே வயிறு எரிந்தது.

“இங்கயா சார் வலி? இங்கயா?”

ஓட்டைக்குக் கீழே அவள் கால்கள் வந்து நின்றன. ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலை மற்றதன் மேல் போட்டுச் சாவகாசமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, உங்க வீட்டுக்காரர் வாயே திறக்க மாட்டேங்குறாரு. நீங்க கேளுங்க.”

கால் நின்றது. தரையைத் தடவிச் செருப்பைத் தேடி, மெல்ல உள்ளே நுழைந்துகொண்டது.