முதலாளியின் ரத்தத்தைக் கழுவியவள்

ரத்தச் சுத்திகரிப்புப் பிரிவில் இயந்திரம் ஓட்டுவது அவள் வேலை. அவசரப் பிரிவிலிருந்து தள்ளிக்கொண்டு வந்த ஆளைப் பார்த்ததும் அவளுக்குக் கை ஓடவில்லை.

சாயப்பட்டறை முதலாளி. துணி திருட்டுப் போகிறதென்று கிடங்கின் பின்கதவைப் பூட்டிச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டவன். தீப்பிடித்த அன்று அவளுடைய தம்பி அந்தக் கதவுக்குப் பின்னால்தான் செத்தான். சாவி காவலாளியிடம் இருந்ததென்று பழியை அவர் தலையில் கட்டிவிட்டு, கஞ்சி போட்ட சட்டையும் தானுமாக முதலாளி வெளியே நடமாடிக்கொண்டிருந்தான். கடைசியில் காவலாளி நீதிமன்றத்தில் வாயைத் திறந்துவிட்டார். தீர்ப்பு நெருங்கியது. அன்று காலை முதலாளி, இதயக் கோளாறுக்காகச் சாப்பிட்டுவந்த, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளை அட்டை அட்டையாகப் பிரித்து விழுங்கிவிட்டான். மூக்கிலும் ஈறிலும் ரத்தம் நிற்காமல் கசிந்துகொண்டிருந்தது.

"இதுக்கு முறிவு மருந்து நம்மகிட்ட இல்ல. வெளியிலிருந்து வர்றதுக்குள்ள ஆள் போயிடுவார்," என்றார் டாக்டர். "உறிஞ்சுற குழாயை மாட்டிப் பார்க்கலாம்."

கைக்கு அடக்கமான குழாய் அது. உள்ளே கடுகைவிடச் சிறிய வெள்ளை மணிகள். ஒவ்வொரு மணியிலும் கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற துளைகள். ரத்தம் அவற்றின் ஊடே ஓடும்போது மருந்து துளைகளில் சிக்கிக்கொள்ளும். ரத்தம் உடம்புக்கே திரும்பும்.

விஷயம் தெரிந்த நர்ஸ் அவளை ஓரமாக இழுத்தாள்.

"அக்கா, வேற யாரையாவது கூப்பிடட்டுமா?"

"எதுக்கு? நானே மாட்டறேன்."

"கோபத்துல ஏதாவது ஆயிட்டா?"

"கோபம் இருக்கு. வேலைல காட்ட மாட்டேன்."

குழாயில் உப்புநீரை ஓட்டிக் காற்றை வெளியேற்றினாள். கொஞ்சம் காற்றை உள்ளே விட்டாலே போதும், கதை முடிந்துவிடும். அந்த நினைப்பு வராமல் இல்லை. ஆனால் தம்பி புகைக்குள் கதவைப் பிறாண்டி, நகம் பெயர்ந்து செத்தான். இவன் மட்டும் மெத்தையில் கண்ணை மூடியபடி நழுவிவிடுவதா? குழாயைச் சுண்டிச் சுண்டிக் கடைசிக் குமிழியையும் விரட்டினாள். பிறகு அவன் காதருகே குனிந்தாள்.

"எங்க ஓடப் பார்க்கிற? விடமாட்டேன்."

ரத்தம் மணிகளுக்குள் நுழைந்து அவற்றைச் சிவப்பாக்கிக்கொண்டே ஏறியது. ஒரு குழாய் மருந்தால் நிறைந்ததும் டாக்டர் சொல்ல, அடுத்ததை மாட்டினாள். சாப்பிடக்கூடப் போகவில்லை. மாலையில் மூக்குக் கசிவு நின்றது. ஊசி குத்திய இடத்தில் ரத்தம் கட்டியாக உறைந்திருந்தது. அதைப் பார்த்தபோது அவளுக்கு வந்த சந்தோஷம் நல்ல சந்தோஷமில்லை என்பது அவளுக்கே தெரிந்தது.

வெளியே முதலாளியின் மகள் ஓடிவந்து அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "எங்கப்பா உயிரைக் காப்பாத்திட்டீங்கக்கா. உங்களை மறக்கவே மாட்டேன்."

அந்தக் கைகளை உதறவும் முடியவில்லை, ஆறுதல் சொல்லவும் வாய் வரவில்லை. "போய்ப் பாரும்மா," என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் கண் விழித்தவன் அவளை அடையாளம் கண்டுகொண்டான். வழக்கு நடந்த நாளெல்லாம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த முகம் அது.

"நீயா? என்னை ஏன் விட்டு வைச்ச?"

"என் தம்பி கதவைத் திறங்கன்னு கத்திக் கத்திச் செத்தான். நீங்க சத்தமில்லாம போயிடலாம்னு பார்த்தீங்களா? எழுந்திரிங்க. நீதிபதி காத்துக்கிட்டு இருக்காரு."

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

சக்கர நாற்காலியில்தான் நீதிமன்றத்துக்கு வந்தான். இனி ஓட வழியில்லாமல், சாவி தன்னிடமே இருந்தது என்று காவலாளியின் முன்னால் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டான். நீண்ட சிறைத் தண்டனை கிடைத்தது. காவலாளி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவள் அழவில்லை.

சிறை மருத்துவமனையில் வேலை செய்யும் தோழி ஒருத்தியிடம் இப்போதும் அவ்வப்போது போனில் அவனைப் பற்றி விசாரிக்கிறாள். அம்மா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

"எப்படி இருக்கானாம்?"

"நல்லா இருக்கானாம்மா. மாத்திரையை அளந்துதான் குடுக்கிறாங்களாம்."

"இருக்கட்டும்," என்பாள் அம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு. "நூறு வயசு இருக்கட்டும்."