மரக்காணம் ஒரு கடினமான இடம்

முஜீப் ரஹ்மான் அதிகம் பேசுகிறவன் அல்ல. ஒரு கேள்வி கேட்டால், கேட்டவர் டீ குடித்து, கிளாஸைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் அவனிடமிருந்து பதில் வரும். மரக்காணம் உப்பளத்தில் மேனேஜராகச் சேர்ந்த பிறகு அந்த மௌனம் இன்னும் நீண்டுபோனது. காரணம் ஒன்றே ஒன்றுதான். அவன் தன் சம்பளத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தான்.

சென்னைத் தலைமை அலுவலகத்தில் மேனேஜர்களின் சம்பளத்தை இரண்டு தராசுகளில் எடைபோட்டார்கள். ஒன்று இடம், இன்னொன்று அனுபவம். சென்னையில் உட்கார்ந்து, உப்பைச் சாப்பாட்டில் மட்டுமே பார்த்த மேனேஜருக்கு முதல் தரச் சம்பளம், வாடகை அதிகமாம். பாண்டிச்சேரிக் கிளைக்கு இரண்டாம் தரம். உப்பு விளைகிற மரக்காணத்துக்கு மூன்றாம் தரம். அங்கே காசைச் செலவழிக்க என்ன இருக்கிறது என்பது அவர்கள் எண்ணம். அனுபவத் தராசு இதைவிட மோசம். முஜீப் தம்மாமில் ஒரு சிமென்ட் கிடங்கை ஒன்பது வருடம் கட்டி மேய்த்தவன். சிமென்ட் அனுபவம் உப்புக்குச் சேராது என்று சொல்லி, நேற்று கல்லூரியை விட்டு வந்தவன்போல அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒன்பது வருடமும் அவன் பாலைவனத்தில் படுத்துத் தூங்கியதுபோல.

அவன் வீடு கோட்டக்குப்பத்தில். தினமும் ஈசிஆர் சாலையில் பைக்கில் போய் வருவான். இந்தச் சம்பளத்தில் வீட்டுக்கடன் கட்டி மாளவில்லை. மனைவி சுரையாவின் அண்ணன் நூர் முஹம்மது தம்மாமிலிருந்து கூப்பிட்டிருந்தார். "பழைய வேலை காலியா இருக்குது மச்சான். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடு. இல்லாட்டி மலையாளி ஒருத்தர் ரெடியா நிக்கிறாரு."

போவதில் ஒரே ஒரு சிக்கல். தம்மாமிலிருந்து அவன் திரும்பி வந்த அன்று, மகள் ஷஹானா அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்த மாமா எப்ப போவாரு?" என்று அம்மாவிடம் கேட்டாள். அந்த மாமா அத்தாவாக மாற ஆறு மாதம் பிடித்தது. திரும்ப மாமாவாக அவனுக்கு மனமில்லை.

அப்போதுதான் கம்பெனி விதிகளில் ஒரு சந்து கண்ணில் பட்டது. மூன்று தரங்களுக்கும் வெளியே நான்காவதாக ஒன்று இருந்தது: கடினமான இடம். குஜராத் பாலைவனத்தில் உள்ள உப்பளத்துக்கு அந்தப் பெயர். குடிக்கத் தண்ணீர் இல்லை, மனித வாடை இல்லை என்பதால் அங்கிருக்கும் மேனேஜருக்குக் கூடுதல் படி. பதிலுக்கு ஒரே ஒரு தொந்தரவு, மாதம் ஒருமுறை தலைமை அலுவலக அதிகாரி நேரில் வந்து ஆய்வு செய்வார். மரக்காணமும் கடினமான இடம்தான் என்று முஜீப் எழுதிப் போட்டான். வெயில், பாம்பு, தண்ணீர்ப் பஞ்சம், டவர் கிடைக்காத செல்போன், பக்கத்தில் சாப்பாடு கிடையாது. எழுத எழுத அவனுக்கே அங்கே வேலை செய்யப் பயமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை நேரில் பார்க்க வருவதாகச் சென்னையிலிருந்து அரவிந்தன் என்ற அதிகாரி சொல்லி அனுப்பினார்.

காலையிலேயே முஜீப் ஆட்களைக் கூட்டினான். உப்பு வாரும் பெண்களுக்குத் தலைவி வசந்தா. வாட்ச்மேன் சடையப்பன். மின்விசிறியை நிறுத்தி, தண்ணீர் கேனை ஒளித்து, நல்ல நாற்காலியைக் கிடங்குக்குள் தள்ளினார்கள்.

"வர்றவருக்கு எதுவும் குடுக்கக்கூடாது. கேட்டா, இங்க ஒன்னும் கிடைக்காதுன்னு சொல்லணும்" என்றான் முஜீப்.

வசந்தா இடுப்பில் கை வைத்தாள். "தண்ணிகூடவா பாய்?"

"தண்ணிதான் முக்கியம். அது இருக்கவே கூடாது."

"நல்லா இருக்குதே. நாளைக்கு அந்தாளு மெட்ராஸ்ல போயி, மரக்காணத்துல ஒரு சொட்டு தண்ணி ஊத்த நாதியில்லன்னு சொல்லமாட்டாரா?"

"அதைத்தாம்மா அவரு போய்ச் சொல்லணும்."

வசந்தா அவனை, வெயில் தலைக்கேறியவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். முஜீப் சடையப்பன் பக்கம் திரும்பினான். "பாம்பு நிறைய இருக்குதுன்னு சொல்லு."

"இருக்குதா சார்?"

"சொல்லு."

வீட்டில் சுரையாவிடமும், சாப்பாடு எதுவும் அனுப்ப வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தான். அவள் பதில் சொல்லவில்லை. அவன் வீட்டில் மௌனம் அவனுடைய சொத்து. அதை அவள் கடன் வாங்கும்போதே அவன் சுதாரித்திருக்க வேண்டும்.

அரவிந்தன் பதினொரு மணிக்கு, பளபளக்கும் ஷூவும் கறுப்புப் பேன்ட்டுமாகக் காரிலிருந்து இறங்கினார். சுற்றிலும் வெள்ளைவெளேரென்று பாத்திகள். வெயில் கீழிருந்தும் அடித்தது. அவர் நெற்றியைத் துடைத்ததைப் பார்த்து முஜீப் உள்ளுக்குள் அல்ஹம்துலில்லாஹ் சொன்னான்.

"இங்க டவர் எடுக்காதுல்ல?" என்று அரவிந்தன் கேட்ட அதே நேரத்தில் அவருடைய செல்போன் அடித்தது. வீடியோ அழைப்பு. அவர் மனைவியின் முகம் துல்லியமாகத் தெரிந்தது. காதுத்தோட்டின் கல்லைக்கூட எண்ணலாம்.

"எங்க இருக்கீங்க? பின்னாடி பனி மாதிரி இருக்குது, ரொம்ப அழகா இருக்குதே" என்றது அந்த முகம்.

முஜீப் வானத்தைப் பார்த்தான்.

அரவிந்தன் சடையப்பனிடம் போனார். "பாம்பு ரொம்பத் தொல்லையாமே?"

சடையப்பனின் முகம் சிவந்தது. இருபது வருட வாட்ச்மேன் அவர். "யார் சார் சொன்னது? நான் காவல் இருக்கிற எடத்துல பாம்பு வருமா? ஒரு குட்டிப் பாம்பு வரட்டும், இந்த மீசைய எடுத்துடுறேன்." பிறகு முஜீபின் முகத்தைப் பார்த்து, "வெளியில எங்கியாவது இருக்கலாம் சார்" என்று இழுத்தார்.

அதற்குள் வசந்தா இளநீரோடு வந்துவிட்டாள். பின்னாலேயே ஒருத்தி வாழையிலையில் சுடச்சுட எறா வறுவலோடு. "இங்க ஒன்னும் கிடைக்காது சார்" என்று சொல்லிக்கொடுத்தபடியே ஒப்பித்துவிட்டு வசந்தா இலையை வாங்கி நீட்டினாள். "இருக்கிறத சாப்பிடுங்க."

அரவிந்தன் ஒரு எறாவை வாயில் போட்டார். கண்ணை மூடினார். நெடுநேரம் திறக்கவில்லை.

முஜீப் நம்பிக்கையை முழுதாக விட்டுவிடவில்லை. எறா சிறியது, மறந்துவிடுவார் என்று எண்ணினான். அப்போது ஈசிஆரிலிருந்து மண்பாதையில் ஓர் ஆட்டோ திரும்பியது. உள்ளே பர்தாவில் சுரையா. அவள் மடியில், புதுக் கைலியில் முடிந்த பெரிய சமையல் தேக்சா. ஆட்டோ நிற்பதற்கு முன்பே பிரியாணி வாசனை வந்து சேர்ந்துவிட்டது.

முஜீப் ஓடிப்போய் ஆட்டோவை மறித்தான். "உன்னக் கெஞ்சிச் சொன்னேனே சுரையா."

"சொன்னீங்க. வந்த மனுஷன வெறும் வயித்தோட அனுப்பினா வீட்டு பரக்கத் போயிடும். அப்புறம் எந்தப் படி வந்து என்ன? கொஞ்சம் நகருங்க, தால்ச்சா வழியுது."

பிரியாணி, தால்ச்சா, கத்திரிக்காய்ப் பச்சடி, பிரெட் அல்வா. கிடங்குக்குள் தள்ளிய நல்ல நாற்காலி வெளியே வந்தது. மின்விசிறியைச் சடையப்பனே போட்டார். அரவிந்தன் மூன்று முறை போதும் என்றார். மூன்று முறையும் அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முஜீப் ஓரமாக நின்று, தன் கூடுதல் படி கவளம் கவளமாக உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாப்பிட்ட மயக்கத்தில் அரவிந்தனுக்கு மனைவியின் பேச்சு நினைவுக்கு வந்தது. பனி மாதிரி இருக்கும் அந்த இடத்தில் ஒரு செல்ஃபி எடுக்க வேண்டும். "வரப்புல மட்டும் நடங்க சார்" என்று வசந்தா கத்தினாள். அவர் செல்போனை உயரப் பிடித்துச் சிரித்தபடி ஓரடி பின்னால் வைத்தார். பாத்தியின் மேலேடு பிளந்தது. சிரித்த முகம் மாறாமலே அவர் உப்புச் சேற்றில் மல்லாந்தார்.

நான்கு பெண்கள் சேர்ந்து இழுத்து வெளியே எடுத்தார்கள். தேக்சா கட்டிவந்த கைலியைச் சுரையா அவிழ்த்துக் கொடுத்தாள். அரவிந்தன் கைலியோடு மின்விசிறிக்கு எதிரே உட்கார, வெயிலில் போட்ட அவருடைய பேன்ட் ஒரு மணி நேரத்தில் உப்புப் பூத்து வெள்ளையாகி விறைத்தது. சடையப்பன் அதை எடுத்துச் சுவரோரம் வைத்தார். அது தானாக நின்றது. யாரோ ஒரு அதிகாரி இடுப்புக்கு மேலே மட்டும் லீவு போட்டுப் போனதுபோல இருந்தது.

அதைப் பார்த்து முஜீபுக்குக்கூடச் சிரிப்பு வந்தது. பிறகு வெள்ளிக்கிழமை நினைவு வந்து, சிரிப்பு நின்றது.

அரவிந்தன் கைலியோடே காரில் ஏறினார். பேன்ட்டை முன் சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்காரவைக்கப் பார்த்தார்கள், அது மடங்கவில்லை.

மாலையில் பைக்கில் முஜீபும் சுரையாவும் திரும்பினார்கள். இருவருக்கும் நடுவே காலி தேக்சா. பள்ளம் வரும்போதெல்லாம் அது மட்டும் டொங்கென்று பேசியது. நெடுந்தூரம் அப்படியே போனார்கள்.

"நான் கெடுத்துட்டேனா?" என்றாள் சுரையா.

கோட்டக்குப்பம் வந்து, வீட்டு வாசலில் ஸ்டாண்ட் போட்டு, தேக்சாவை இறக்கிவிட்டுச் சொன்னான். "தால்ச்சா நல்லா இருந்துச்சின்னு சொன்னாரு." அவளைத் திட்ட அவனுக்குத் தெரிந்த அதிகபட்சம் அதுதான்.

வியாழக்கிழமை அலமாரியிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்தான். ஷஹானா அதைப் பார்த்துவிட்டு, பேசாமல் அவனுடைய பழைய சூட்கேஸுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டாள். இறங்கச் சொல்லியும் இறங்கவில்லை. பேசாமலே சாதிக்கும் இந்தப் பழக்கம் யாரிடமிருந்து வந்தது என்று அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போது செல்போன் அடித்தது. அரவிந்தன்.

"மிஸ்டர் முஜீப், உங்க அனுபவத்த ஒன்னும் பண்ண முடியல. சிமென்ட் சிமென்ட்தான். ஆனா, இடம் இருக்குதே, அத கடினம்னு எழுதிட்டேன். பெரியவர் கையெழுத்தும் போட்டுட்டாரு."

முஜீப் வழக்கம்போல மௌனமாக இருந்தான். இந்த முறை அதற்கு யோசனை காரணம் அல்ல.

"என்ன சத்தத்தையே காணோம்? பட்டப்பகல்ல அதிகாரிய முழுங்கப் பார்த்த இடம் அது. குஜராத்ல யாராவது விழுந்தாங்களா? அந்தப் பேன்ட்ட அப்படியே மீட்டிங்ல நிக்க வச்சேன். யாரும் மறுபேச்சுப் பேசல."

"ரொம்ப நன்றி சார்."

"கடினமான இடம்னா மாசா மாசம் நேர்ல ஆய்வு உண்டு. தெரியும்ல?" அரவிந்தன் குரலைத் தாழ்த்தினார். "அந்தத் தால்ச்சா, செவ்வாய்க்கிழமைல மட்டும்தான் செய்வாங்களா, எந்தக் கிழமைன்னாலும் செய்வாங்களா?"

நூர் முஹம்மதுக்கு அன்று மாலையே பதில் போனது. மலையாளிக்கு அதிர்ஷ்டம்.

அடுத்த மாதம் சொன்ன நாளில் கார் வந்தது. முதலில் அரவிந்தன் இறங்கினார். முன்யோசனையாகக் கைலி கட்டியிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் இறங்கினார். இன்னொருவர். அதற்குப் பிறகு ஒரு பெரியவர், கையைப் பிடித்து இறக்கவேண்டிய அளவுக்குப் பெரிய பதவி.

"ஒருத்தரால தனியா ஆய்வு பண்ண முடியாத அளவுக்குக் கடினம்னு எழுதியிருந்தேன்" என்றார் அரவிந்தன், முஜீபின் காதோரம்.

கிடங்கு வாசலிலிருந்து சுரையா தலைகளை எண்ணினாள். தேக்சாவை எட்டிப் பார்த்தாள். "என்னாங்க, நீங்க வாங்குற படி கறிக்கடைக்கே சரியாப் போயிடும்போல."

முஜீப் நீண்ட நேரம் யோசித்தான். பெரியவர் இளநீர் குடித்து முடித்துவிட்டார்.

"போவட்டும்" என்றான். "கறிக்கடை கோட்டக்குப்பத்துலதான இருக்குது."

தூரத்தில் சடையப்பன், பெரியவருக்குப் பாம்பு காட்டுவதற்காக ஒவ்வொரு புதராகக் குச்சியால் தட்டிக்கொண்டிருந்தார். இந்த முறை ஒன்றாவது கிடைத்தால் தேவலை என்று முஜீப் சொல்லியிருந்தான்.